அசல் வடிவம் மாறாமல்

பழைய காராகப் பிறக்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். 50 வயது தாண்டிவிட்டால் போதும், மத்திய அரசே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறது. 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகள் இனி ‘விண்டேஜ்’. அவற்றுக்குத் தனிப் பதிவு, ‘விஏ’ என்ற எழுத்துகள் பொறித்த தனி நம்பர் பிளேட். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். விண்ணப்பம் முறையாக வந்தால் 60 நாளுக்குள் சான்றிதழ். அந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இதற்கெல்லாம்தான் ரோட்டில் இறங்கலாம். வயதான உடம்பு பாருங்கள், அலுத்துவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நிபந்தனை உண்டு: அசல் வடிவம் மாறியிருக்கக் கூடாது. சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிதாகக் கைவைத்திருந்தால் பட்டம் கிடையாது.

சென்னையில் உட்கார்ந்து படித்தால் இது வெறும் மோட்டார் விதி. விருதுநகரில் உட்கார்ந்து படித்தால் வயிறு எரிகிறது. இந்த அரசுக்கு இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவும் தெரியுமா? ஒரு தகரத்தின் அசல் வடிவத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற அரசா, அறுபது எழுபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஆயிரத்துக்கும் மேல் பட்டாசு ஆலைகளை வைத்துக்கொண்டு, எந்த அறையை யார் நடத்துகிறார் என்று தெரியாமல் விழிக்கிறது?

எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய காரிலிருந்தே தொடங்குகிறேன். காமராஜர் பயணம் செய்த செவர்லே, எம்டிடி 2727. சொந்தக் கார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குச் சொந்தமாக என்ன இருந்தது? ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவர் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தியாகராய நகரில் வாடகை வீட்டில் செத்துப் போனார். அவர் போனபின் அந்தச் செவர்லே தேனாம்பேட்டையில், அவர் பெயரிலேயே அரங்கம் கட்டி வைத்திருக்கிற இடத்தில், வருஷக்கணக்காகத் தூசியும் துருவுமாக நின்றது. பக்கத்திலேயே கூட்டம் நடக்கும். ‘காமராஜர் ஆட்சி அமைப்போம்’ என்று மைக்கில் முழங்குவார்கள். அமைக்கப்போகிற ஆட்சி எப்படியிருக்கும் என்பதற்கு மாதிரி வெளியே நாலு டயரிலும் காற்றில்லாமல் நின்றுகொண்டிருந்தது. பிறகு யாருக்கோ உறைத்து, கார் பட்டறைக்குப் போய், துரு எடுத்து, பெயின்ட் அடித்து, மணப்பெண் மாதிரி திரும்பி வந்தது. படம் எடுத்தார்கள், மாலை போட்டார்கள். நல்ல காரியம். கார்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வேறு. அந்த மனிதர் முதலமைச்சராக இருந்தபோது, 1957-லும் 1962-லும், சட்டமன்றத்துக்குப் போனது சாத்தூர் தொகுதியிலிருந்து. பள்ளிக்கூடம் திறந்தார், மதியச் சோறு போட்டார், எல்லாம் மேடையில் கேட்டதுதான். அவர் ஓட்டுக் கேட்ட அதே கரிசல் காட்டில், அச்சன்குளத்தில், 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி ஓர் ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவருடைய காருக்குத் துரு எடுத்தாயிற்று. தொகுதிக்கு எப்போது? 1967-இல் அவரை 1,285 ஓட்டில் தோற்கடித்த ஊர் விருதுநகர். பிறகு கூச்சப்பட்டு 1985-இல் மாவட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள், 1997-இல் அதையும் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் அடிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

சரி, வீட்டில் வைத்துப் பழைய கார் புதுப்பிப்பது எப்படி என்று பார்ப்போம். உபயோகமான விஷயம். ஒரு பேச்சுக்கு ஓர் அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவர் ஓர் ஆளில்லை, ஒரு ரகம். அவருக்குப் பட்டாசு ஆலை உண்டு. வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் ஷெட் போட்டு, 1970 வாக்கில் பதிவான ஒரு மார்க் 2 அம்பாசடரை நிறுத்தியிருக்கிறார். அப்பா வாங்கியது. 1975-க்குள் பதிவான வண்டியெல்லாம் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டதால், அண்ணாச்சிக்கு ஆசை பிறந்துவிட்டது.

முதலில் பாடியைப் பிரிக்க வேண்டும். கதவு, பானெட், டிக்கி, பம்பர், கிரில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் தனி டப்பாவில், டப்பாமேல் பெயர் எழுதி. அண்ணாச்சி இதில் கெட்டிக்காரர். எந்த டப்பாவில் எத்தனை வாஷர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருடைய ஆலையில் எந்த அறையில் எவ்வளவு அலுமினியப் பவுடர் இருக்கிறது என்று கேட்டால், ‘போர்மேனைத்தான் கேக்கணும்’ என்பார்.

பிறகு பழைய பெயின்ட்டை இரும்பு தெரிகிறவரை சுரண்டுவது. ஐம்பது ஆண்டில் நாலைந்து பூச்சு ஏறியிருக்கும்; அதற்கு அடியில்தான் உண்மை இருக்கும். தரைத் தகடு மட்கியிருக்கும், மட்கார்ட் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். மோசமான டிங்கர் என்றால் ஓட்டைக்கு மேல் பட்டி அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவான். ஆறு மாதத்தில் பட்டி கொப்புளித்துக் கழன்று விழும். நல்ல டிங்கர் மட்கின இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணுவான். அண்ணாச்சிக்குப் பட்டி வேலை பிடிக்காது. ‘உள்ளே துருவை வச்சிட்டு மேலே மெழுகினா அது வேலையா?’ என்று அதட்டுவார். விபத்துக்குப் பிறகு அமைக்கப்படும் விசாரணைக் குழுக்களைப் பற்றிக்கூட இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அவர் சொன்னது காரைப் பற்றி.

எஞ்சின் 1489 சிசி. போர் தேய்ந்திருந்தால் மதுரைக்கு அனுப்பி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிடைக்காத சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை. உத்தரபாராவில் 2014-இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோனாலும், புதுப்பேட்டையில் அதற்கு இன்னும் மரணச் சான்றிதழ் கொடுக்கவில்லை. குரோம் பூச்சு, குஷன், டேஷ்போர்டு என்று செலவு பல லட்சம் ஓடும். அண்ணாச்சி கணக்குப் பார்ப்பதில்லை.

கடைசியில் பெயின்ட். இங்கேதான் நீங்கள் அவர் ஷெட்டைப் பார்க்க வேண்டும். பழைய காருக்கு டூகோ அடித்தால்தான் அந்த ஆழம் வரும் என்பது பழைய பெயின்டர்களின் நம்பிக்கை. டூகோவின் அடிச்சரக்கு நைட்ரோசெல்லுலோஸ், வெடிமருந்துக் குடும்பத்தில் பிறந்தது. கூடத் தின்னர் ஆவி வேறு. அண்ணாச்சிக்கு இது நன்றாகத் தெரியும், தொழில் அப்படி. அதனால் ஷெட்டுக்குள் பீடி, செல்போன் கூடாது. சுவரில் இரண்டு தீயணைப்பான், வாசலில் மணல் வாளி. பெயின்டருக்கு மாஸ்க். ஸ்விட்ச் எல்லாம் வெளியே. வெயில் ஏறிவிட்டால் வேலை நிறுத்தம், ஏனென்றால் பெயின்ட் பூத்துவிடும். ஷெட்டுக்குள் மூன்று பேருக்கு மேல் நின்றால் தூசி கிளம்புகிறது என்று சத்தம் போடுவார். ஒருநாள் உதவிக்கு வந்த பையன் ஒருவன் தின்னர் டப்பாவை மூடாமல் வைத்துவிட்டான் என்று அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

அவர் ஆலையிலும் இதெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. வேலை அறைக்கு நாலு பேர்தான். மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கலந்த மருந்தை ராத்திரிக்கு மிச்சம் வைக்கக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு, வாசலில் உடம்பு மின்சாரத்தை இறக்கச் செம்புத் தகடு. எழுத்து சுத்தமாக இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஆர்டர் குவிகிறபோது அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். அறை போதவில்லையா, வேப்ப மரத்தடி இருக்கிறது. காருக்கு வெறும் மரத்தடி ஆகாது, பறவை எச்சம் விழுந்தால் பெயின்ட் கெட்டுவிடும். பெண்டாட்டி பிள்ளை இருக்கிற மனுஷர், ஷெட் இல்லாமல் மரத்தடியில் காரை நிறுத்துவாரா?

(விதிப்படி ஆலை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அவர்கள் இந்த இடத்தில் என்னைத் திட்டலாம். திட்டி முடித்தபின், பக்கத்து ஆலையில் நடப்பதை முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் எத்தனை தடவை எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்கள் என்றும் யோசிக்கலாம்.)

டூகோ என்றதும் ஒரு கதை. அதைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி, 1920-களில். டுபாண்ட் அடிப்படையில் வெடிமருந்துக் கம்பெனி. 1802-இல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் கருமருந்து ஆலையாகத் தொடங்கியது. அதன் முதலாளி தன் குடும்பத்தோடு குடியிருந்தது ஆலைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில். 1818-இல் ஆலை வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்தார்கள். முதலாளி வீடும் சேதமானது, அவர் மனைவிக்கும் காயம். அவர் புண்ணியவான் என்று சொல்ல வரவில்லை, வெடிமருந்து விற்றே கோடீஸ்வரரான பரம்பரை அது. ஆனால் மருந்து கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தன் தொட்டிலைக் கட்டியிருந்த ஆளுக்கு, எவ்வளவு மருந்து கலக்கலாம் என்பதில் ஒரு கவனம் இருக்கும். சிவகாசியில் எத்தனை முதலாளிகளின் பங்களா மருந்துக் கலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது? காம்பவுண்டுக்குள் கார் ஷெட் கட்ட இடமிருக்கிறதல்லவா, குடியிருக்கவும் இடமிருக்கும்.

அண்ணாச்சிக்குக் கார் விஷயத்தில் ஒரே ஒரு பயம், பிரேக் இன்ஸ்பெக்டர். அசல் மாறியிருந்தால் சட்டம் பொல்லாதது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கலரை மாற்றினால்கூட ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும்! எண்ணிப் பார்த்துப் போடுவார்கள்.

இனி ஆலைக்கு வாருங்கள். இங்கே உரிமம் மூன்று வகை: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். எந்த லைசென்ஸாக இருந்தாலும் ஒருவர் பெயரில், இத்தனை அறை, இத்தனை ஆள், இத்தனை கிலோ மருந்து என்று வரைபடத்தோடு வரும். அதுதான் அசல் வடிவம். வந்தபின் நடப்பது உள்குத்தகை. முதல் நாலு அறை ஒருவருக்கு, அடுத்த ஆறு அறை இன்னொருவருக்கு, ஓரத்தில் இருப்பது மூன்றாமவருக்கு. ஒவ்வொருவரும் தன் மருந்து, தன் ஆட்கள், தன் ஆர்டர். ஒருவன் ஃபேன்சி ரகத்துக்கு மணி மருந்து காயவைக்கிற நேரத்தில் அடுத்த அறைக்காரன் சரக்கை இழுத்துக்கொண்டு போவான். யாருக்கும் யார்மேலும் அதிகாரமில்லை. உரிமக்காரர் மாதம் பிறந்தால் வாடகை வாங்கிக்கொள்வார். சேசிஸ் ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது, ஸ்டீரிங் மூன்றாமவர் கையில், பிரேக் யாரிடமும் இல்லை. இப்படி ஒரு காரைக் கட்டி விருதுநகர் பைபாஸில் விட்டுப் பாருங்கள், எட்டூர்வட்டம் டோல்கேட் தாண்டுமுன் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். ஆலை தாண்டிக்கொண்டே இருக்கிறது.

ஆய்வு இல்லையா என்றால், இருக்கிறது. ஆய்வுக் குழுவின் ஜீப் கிளம்புமுன் சேதி கிளம்பிவிடும். போய்ச் சேர்ந்தால் கேட்டில் பூட்டு. பூட்டியிருந்த ஆலையில் விதிமீறல் ஏதும் கண்ணில் படவில்லை.

மாட்டிக்கொண்டாலும் பாதகமில்லை. உரிம நிபந்தனையை மீறி வெடிபொருள் தயாரித்தால் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2012-இல் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோதும் அதுதான், 2021-இல் அச்சன்குளம் வெடித்தபோதும் அதுதான். காரின் பம்பரை மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000. ஆலையையே மாற்றினால் மொத்தத்துக்கும் சேர்த்து உச்ச வரம்பு 5,000. அசல் வடிவம் கெடாமல் இந்த மாவட்டத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் ஒரே பழம்பொருள் அந்த அபராதத் தொகை. அதற்கு ‘விஏ’ பிளேட் கொடுக்கலாம்.

அம்பாசடர் தெரிந்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். மார்க் 1, மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறுமே தவிர, முன்னால் கிரில்லைத்தான் மாற்றினார்கள். அடியில் அதே 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடம்பு. எங்கள் வெடிவிபத்துகளும் அப்படித்தான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பது பேர் வரை செத்தார்கள், அதில் பலர் ஆலையில் வேலை செய்தவர்கள்கூட இல்லை, புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடி வந்த ஊர்க்காரர்கள். 2021, அச்சன்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். அந்தத் தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. 2024 பிப்ரவரி 17, ராமுத்தேவன்பட்டி. அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர் என்ற கிரில்லைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அடியில் அதே உடம்பு: கூடுதல் ஆள், கூடுதல் மருந்து, உள்குத்தகை, அவசர ஆர்டர்.

அடுத்து நடப்பதும் அச்சடித்தது. முதல் குற்றவாளி ‘உராய்வு’. மருந்து உராய்ந்து வெடித்தது என்று மாலைக்குள் சொல்லிவிடுவார்கள். தலைமறைவாகாத, வக்கீல் வைக்காத, ஜாமீன் கேட்காத நல்ல குற்றவாளி. ஏன் உராய்ந்தது, உராய்கிற அளவுக்கு அங்கே எவ்வளவு குவிந்திருந்தது, குவித்தது யார் என்று கேட்டால் அது விசாரணையில் இருக்கும். இரண்டாம் குற்றவாளி போர்மேன். மாதச் சம்பளக்காரர், ஓடவும் காசு கிடையாது, அதனால் சுலபமாகக் கிடைப்பார். உரிமக்காரரைத் தேடித் தனிப்படை போகும். தனிப்படை என்பது எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு படை.

பிறகு காசோலை. அச்சன்குளத்துக்கு மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிவாரண நிதி 2 லட்சம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து, செத்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுக்கச் சொன்னது. உத்தரவு வருவது ஒன்று, பணம் வீடு வருவது ஒன்று. ஒரு நல்ல விண்டேஜ் காரைப் பத்திரிகையில் படம் போடுகிற தரத்துக்குப் புதுப்பிக்க ஆகும் செலவை மெக்கானிக்குகளிடம் விசாரித்துப் பார்த்துவிட்டு, இந்த 3 லட்சத்தைப் பக்கத்தில் வையுங்கள். அண்ணாச்சி காரின் குரோமும் குஷனும் மட்டுமே அதில் முக்கால்வாசியைத் தின்றுவிடும்.

இன்னொரு 20,000 நினைவுக்கு வருகிறது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை பார்த்ததைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி கட்ட வேண்டிய தொகை 20,000 ரூபாய். கால் நூற்றாண்டு கழித்து, ஒரு பழைய காருக்குப் பட்டம் கட்ட அரசு வைத்திருக்கும் கட்டணமும் 20,000 ரூபாய். விலைவாசி ஏறவில்லை என்று யார் சொன்னது? குழந்தையின் விலையில் இப்போது காருக்கு நம்பர் பிளேட்தான் கிடைக்கிறது.

அண்ணாச்சியின் காருக்கு மெட்டாலிக் வெள்ளி நிறம் வேண்டும் என்று மகன் கேட்டான். மெட்டாலிக் பெயின்ட்டுக்கு அந்த மினுமினுப்பைக் கொடுப்பது அலுமினியச் செதில் தூள். பட்டாசு வெள்ளையாகப் பளீரென்று வெடிக்க வைப்பதும் அலுமினியத் தூள்தான். சாயங்காலம் ஆலை வேனிலிருந்து இறங்குகிற பெண்களைப் பாருங்கள்: முழங்கை வரை வெள்ளி, முகத்தில் வெள்ளி, மூக்குத்திக் கல்லின் இடுக்கில் வெள்ளி. பிள்ளையைத் தூக்குமுன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. அதே பூச்சு கார்மேல் ஏறினால் மேலே கிளியர் கோட் அடித்து, மெழுகு போட்டு, மான்தோலால் துடைத்து வைப்பார்கள்.

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை வைக்கிறேன். புதிதாகச் சட்டம் வேண்டாம், இருக்கிற விண்டேஜ் விதியையே கொஞ்சம் நீட்டினால் போதும். ஐம்பது வயது தாண்டிய பட்டாசுத் தொழிலாளியைப் பாரம்பரியப் பொருளாக அறிவிக்க வேண்டும். விண்டேஜ் வண்டிக்கான 20-ஆம் எண் விண்ணப்பப் படிவம் ஏற்கெனவே அச்சிட்டுத் தயாராக இருக்கிறது. கழுத்தில் ‘டிஎன் விஏ’ என்று ஒரு பிளேட். விதிப்படி அவரை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, அதாவது உள்குத்தகை கிடையாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் மட்டும் வெளியே அழைத்து வரலாம். தேர்தல் நேரத்தில் இப்போதும் அதற்குத்தானே அழைக்கிறார்கள்? முக்கியமாக, அவரது அசல் வடிவத்தை மாற்றுகிறவருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய். ஒரு விரலுக்கு 5,000, ஒரு கண்ணுக்கு 5,000 என்று எண்ணிப் போட்டால், மொத்தமாக 5,000 என்று சொல்கிற பழைய சட்டத்தைவிட லாபம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் வரும், எனக்கே தெரிகிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் மாதக்கணக்கில் படுத்து, தொடைத் தோலை எடுத்துக் கழுத்திலும் கையிலும் ஒட்டவைத்துக்கொண்டு, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துபோய் வீடு திரும்பிய அக்கா ஒருத்தி விண்ணப்பம் போடுவாள். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். ‘பாடியில் பெரிய அளவில் வேலை நடந்திருக்கிறது. அசல் வடிவத்தில் இல்லை.’ மனு தள்ளுபடி.

யோசனையை விடுங்கள், நக்கலாகத்தான் சொன்னேன். நிஜமாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆலையின் வாசலிலும் ஒரு போர்டு: உரிமம் யார் பெயரில், எத்தனை அறை, இன்றைக்கு ஒவ்வொரு அறையையும் நடத்துவது யார், உள்ளே எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து. தினம் காலையில் எழுத வேண்டும், வேலைக்கு வருகிற பெண் உள்ளே போகுமுன் படிக்க வேண்டும். காரின் டேஷ்போர்டில் ஆர்.சி. இருக்கிற மாதிரி, யார் கேட்டாலும் காட்ட வேண்டிய ஒன்று. பெரிய செலவு இல்லை. இந்தியா முழுக்கக் காலண்டர் அடித்து அனுப்புகிற சிவகாசியில் ஆயிரம் போர்டு அடிக்க ஒரு ராத்திரி ஆகுமா?

அடிக்க மாட்டார்கள். சங்கம் ஒப்புக்கொள்ளாது, அதிகாரிகள் ‘பரிசீலிக்கிறோம்’ என்பார்கள், கட்சிக்காரர்கள் தீபாவளிக்கு வருகிற பெட்டியை நினைத்துக்கொள்வார்கள். போர்டு இருந்துவிட்டால், வெடித்த பிறகு அந்த அறையை நடத்தியது யார் என்று விசாரித்து வருகிறோம் என்று சொல்ல முடியாது. பெயர் வாசலிலேயே எழுதியிருக்கும். போலீஸ் ஜீப்பும் போர்மேன் வீட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்ப முடியாது. தென்னை மரத்தடியில் ஷெட் போட்டிருக்கிற அந்த வீட்டு வாசலிலும் நின்றாக வேண்டியிருக்கும்.